சிசேரியனுக்குப் பிறகு தமிழ்ப் பத்தியம், சீன மாதம், மலாய் பந்தாங்: மூன்றையும் சேர்த்து நடத்தலாமா?

கிள்ளான்_மல்லி

தங்கைக்கு அடுத்த மாதம் சிசேரியன். நாள் குறித்தாகிவிட்டது, தலைப்பிரசவம். மாப்பிள்ளை வீடு சீனர்கள். அவர்கள் 28 நாளுக்கு ‘புய் யூட்’ அம்மாவுக்கு (பெற்றவளையும் பிள்ளையையும் வீட்டில் தங்கிக் கவனிக்கும் சீனப் பெண்) முன்பணம் கட்டிவிட்டார்கள். எங்கள் அம்மா ஊரிலிருந்து காயச்சரக்கு (காயம் என்னும் பிரசவ லேகியத்துக்கான சரக்கு) வரவழைத்து வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டு மாச்சிக் (மலாய் அம்மா), ஊருட், துங்கு, பெங்குங் மூன்றும் தெரிந்த ஆளை அனுப்புகிறேன் என்கிறார். யார் மனமும் நோகாமல் நடக்க வேண்டும், அதைவிட முக்கியமாகத் தங்கைக்கும் பிள்ளைக்கும் கெடுதல் வரக்கூடாது.

கேட்க வேண்டியவை: காயத்தை எந்த நாளில், எந்த அளவில் தொடங்குவது? சீன மூலிகைச் சூப்போடு அதைச் சேர்க்கலாமா? வயிறு கட்டுவதும் சூட்டுக்கல் வைப்பதும் தையல் போட்ட வயிற்றில் எப்போது? பிள்ளைக்குச் சேனை, உரை மருந்து? தங்கைக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது, மாத்திரை இல்லாமல் சாப்பாட்டிலேயே கட்டுப்பட்டது. அனுபவக் கதை வேண்டாம், அளவும் நாளும் காரணமும் சொல்லுங்கள்.

சுக்குக்கடை

காயத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றது மற்றவர்கள் சொல்லட்டும்.

முதலில் வந்த பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் கொட்டிப் பாருங்கள். சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சீரகம், கொத்தமல்லி, பெருங்காயம் இருக்கும். இவை எல்லாம் சமையலறைச் சரக்கு, அளவோடு போனால் பயமில்லை. பஸ்மம், செந்தூரம் என்று எழுதிய சின்னப் பொட்டலம் தனியாக இருந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். அவை உலோகச் சரக்கு. பால் கொடுப்பவருக்கு யாரோ கொடுத்தார்கள் என்று கிண்டிப் போடக் கூடாது. கடையில் அரைத்த தூளாக வந்திருந்தால் அதையும் நான் வாங்கமாட்டேன். சரக்கு முழுசாக இருந்தால்தான் பூச்சியும் பூஞ்சையும் கண்ணில் படும். திப்பிலியை உடைத்துப் பாருங்கள், உள்ளே வெள்ளை நூல் ஓடியிருந்தால் தூர எறியுங்கள்.

ஒருவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் வரும் அளவு: சுக்கு 50 கிராம், ஓமம், சீரகம், கொத்தமல்லி ஒவ்வொன்றும் 25, மிளகு 20, திப்பிலி 15, கண்டந்திப்பிலியும் சித்தரத்தையும் 10. மொத்தம் 180 கிராம். கருப்பட்டி இதில் இரண்டு மடங்கு, 360 கிராம். நல்லெண்ணெயும் நெய்யும் 75 மில்லி வீதம். சித்தரத்தையையும் கண்டந்திப்பிலியையும் அம்மியிலோ உரலிலோ தட்டி நொறுக்கிய பிறகு மிக்ஸியில் போடுங்கள், இல்லாவிட்டால் பிளேடு போய்விடும். ஒவ்வொரு சரக்கையும் தனித்தனியாக, சிறு தீயில், வாசம் வரும்வரை மட்டும் வறுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டினால் சுக்கு சூடேறுவதற்குள் ஓமம் கருகும். கருகிய ஓமத்தின் கசப்பை எந்தக் கருப்பட்டியாலும் மறைக்க முடியாது. அரைத்ததை மெல்லிய வேட்டித் துணியில் சலியுங்கள். கப்பி தொண்டையில் குத்தும்.

கருப்பட்டியைக் கால் லிட்டர் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். அதில் மணலும் சுண்ணாம்பும் இல்லாமல் இருக்காது. பாகு காய்ச்சும்போது ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் நிற்க வேண்டும், விரலால் கூட்டினால் மெத்தென்று சேர வேண்டும். அந்தப் பதத்தில் தீயைக் குறைத்துப் பொடியைத் தூவிக் கிளறி, எண்ணெயையும் நெய்யையும் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். சட்டியில் ஒட்டாமல் சுருண்டு, ஓரத்தில் நெய் கக்கினால் இறக்கலாம். பாகு முற்றினால் ஆறியதும் கல்லாகிவிடும். இளசாக இறக்கினால் கிள்ளான் புழுக்கத்துக்குப் பத்து நாளில் பூஞ்சை பிடிக்கும். ஈரக் கரண்டி போட்டாலும் அப்படித்தான். கருப்பட்டி கிடைக்காவிட்டால் குலா மெலாக்கா போடலாம், இளகல் அதிகம் என்பதால் பாகைக் கொஞ்சம் கூடுதலாகக் காய்ச்ச வேண்டும்.

சிசேரியன் என்றால் மூன்றாம் நாள் ஐந்தாம் நாள் என்ற கணக்கு செல்லாது. காற்றுப் பிரிந்து, மலம் இயல்பாகப் போய், வழக்கமான சாப்பாடு ஒத்துக்கொண்ட பிறகுதான். பெரும்பாலும் ஒரு வாரம் கழியும். சுண்டைக்காய் அளவில் காலையில் ஒரு வேளை. மூன்று நாள் பார்த்து நெஞ்செரிச்சல், வயிற்றுப்போக்கு இல்லையென்றால் சிறு நெல்லிக்காய் அளவு. அதற்கு மேல் வேண்டாம். வெறும் வயிற்றில் என்பார்கள். வலி மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இரண்டு இட்லிக்குப் பிறகு கொடுப்பதே வயிற்றுக்கு நல்லது.

சர்க்கரை இருந்தது என்கிறீர்கள். பிரசவத்தோடு பெரும்பாலும் இறங்கிவிடும், ஆனால் 6 முதல் 12 வாரத்துக்குள் குளுக்கோஸ் குடித்துச் சோதிக்கும் அந்தச் சோதனை செய்தால்தான் உறுதி. அதுவரை கருப்பட்டியும் சர்க்கரைதான். இதே பொடியைப் பாகில்லாமல் கால் டீஸ்பூன், சூடான சோற்றில் நெய்யோடு பிசைந்து முதல் கவளமாகக் கொடுங்கள். அங்காயப்பொடியை அப்படித்தானே சாப்பிடுகிறோம்.

பேரரத்தை

மலாய் வழக்கத்தில் பந்தாங், அதாவது பிரசவப் பத்தியம், 44 நாள். மாச்சிக் சொன்ன மூன்றும் வெவ்வேறு வேலை, ஒன்றாகப் பேசினால் குழப்பம்.

ஊருட் என்பது உடம்பு பிடித்துவிடுவது. கால், முதுகு, தோள், கை மட்டும் என்றால் தங்கை வீட்டுக்கு வந்து ஒரு வாரத்தில் செய்துகொள்ளலாம். பால் கொடுத்துக் கொடுத்துத் தோள்பட்டை இறுகிப்போகும், அதற்கு இது அருமை. வயிற்றைத் தொடக் கூடாது. ‘கருப்பையை ஏற்றிவிடுகிறேன்’ என்று அடிவயிற்றை அழுத்துவது இயல்புப் பிரசவத்தில்கூட தேவையில்லாதது. கருப்பை தானாகவே சுருங்கி ஆறு வாரத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும். சிசேரியனில் உள்ளே பல அடுக்குத் தையல் உண்டு. ஆறு வாரச் சோதனை முடிந்து மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு பேசலாம். இன்னொன்று: ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சுட்டு, வலித்தால் அதைப் பிடித்துவிடவே கூடாது. காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்திருக்கலாம், நேராக மருத்துவமனை.

துங்கு என்பது ஆற்றுக்கல் அல்லது இரும்புக் குண்டு. அடுப்பில் சூடாக்கி, மெங்குடு இலையோ லெங்குவாஸ் இலையோ வைத்துத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுப்பார்கள். மெங்குடு நம் வெண்நுணா, லெங்குவாஸ் நம் பேரரத்தை. என் பெயர் அங்கிருந்துதான்! சிசேரியன் தழும்பைச் சுற்றி மாதக்கணக்கில் தோல் மரத்திருக்கும், சில பேருக்கு அதற்கு மேலும். சுடுவது தெரியாது, கொப்பளித்த பிறகுதான் தெரியும். அதனால் வயிற்றுக்கு வேண்டாம், இடுப்புக்கும் பாதத்துக்கும் மட்டும். வைப்பவர் முதலில் தன் முழங்கையின் உள்பக்கம் பத்து எண்ணும்வரை வைத்துப் பார்க்க வேண்டும்.

மாச்சிக்கிடம் குளியல் மூலிகையைக் கேட்டு வாங்குங்கள். எலுமிச்சம்புல், பாண்டான், லீமாவ் பூருட் இலை, லெங்குவாஸ் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர். லெகுண்டி இலையும் போடுவார்கள், அது நீர்நொச்சி. நம் அம்மாமார் போடும் நொச்சிக்கு ஒன்றுவிட்ட தங்கை. இந்த ஒன்றில் இரண்டு வீட்டுக்கும் சண்டையே வராது. தையலின் மேல் ஊற வைக்காமல் வழியவிட்டு, சுத்தமான துணியால் ஒற்றித் துடைத்தால் போதும். மஞ்சள், பிலிஸ், பாராம் (உடம்பில் பூசும் மலாய்ப் பற்று) எதுவும் தையலில் படக் கூடாது. நெற்றிக்கு இடும் பிலிஸ் பற்று நெற்றியோடு நிற்கட்டும்.

ஜாமு (மலாய் மூலிகை மருந்து) பொட்டலம், மாத்திரை கொடுத்தால் உறையில் ‘MAL’ என்று தொடங்கி ‘T’ எழுத்தில் முடியும் பதிவு எண் இருக்கிறதா, ஹோலோகிராம் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவில்லாத ஜாமுவில் ஸ்டீராய்டு கலந்து பிடிபட்டது மலேசியாவில் பலமுறை நடந்திருக்கிறது. சாப்பிட்ட இரண்டு நாளில் வலியெல்லாம் மாயமாகப் போகிறது என்றால் அதுதான் சந்தேகப்பட வேண்டிய அடையாளம்.

சுக்குக்கடை

வயிறு கட்டுவதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். நம் பக்கம் பழைய நூல் புடவையை மூன்றாம் நாளே இறுக்கிக் கட்டுவார்களே. கட்டாவிட்டால் வயிறு தொங்கும், காற்று ஏறும்.

இடுப்பெலும்பு

அந்த ‘இறுக்கி’தான் பிரச்சினை. கட்டுவதால் கருப்பை சுருங்காது, கொழுப்பும் கரையாது. சிசேரியன் ஆனவருக்கு அது கொடுக்கும் உண்மையான உதவி வேறு: எழும்போதும் இருமும்போதும் தையலை இழுக்காமல் தாங்கும், நடக்கத் தைரியம் வரும். அதற்கு மருத்துவமனையிலேயே வெல்க்ரோ வைத்த அகலப் பட்டை கிடைக்கும், முதல் நாளிலிருந்தே போடலாம்.

பெங்குங் நல்ல கட்டுதான், ஆனால் தையல் ஆறிய பிறகு. ஒரு சாண் அகலத் துணி, பத்து மீட்டருக்கு மேல் நீளம். இடுப்பெலும்பிலிருந்து தொடங்கி மேலே மார்புக்குக் கீழ் வரை, ஒவ்வொரு சுற்றுக்கும் முன்பக்கம் ஒரு முடிச்சு. கீழே பிடிப்பாகவும் மேலே போகப்போகத் தளர்வாகவும் இருக்க வேண்டும். மேலே இறுக்கினால் வயிற்றின் அழுத்தம் முழுதும் கீழே இறங்கும். ஏற்கெனவே தளர்ந்த இடுப்புத்தளத் தசை இன்னும் தொய்யும். இருமினால் சிறுநீர் கசிவது, அடியில் ஏதோ இறங்குவதுபோல் கனப்பது இரண்டும் அதற்கு அறிகுறி. கட்டிய பிறகு நாலு விரல் உள்ளே நுழைய வேண்டும், மூச்சை அடிவயிறு வரை இழுக்க முடிய வேண்டும். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அவிழ்க்க வேண்டும்.

மூன்று சமூகமும் ‘அசையாமல் படு’ என்கின்றன, அதைத்தான் நான் பெரிதாக எதிர்ப்பேன். பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் இரத்தம் உறையும் ஆபத்து கூடுதலாகவே இருக்கும், சிசேரியனில் இன்னும் கூடுதல். வீட்டுக்குள் இரண்டு மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் நடக்கட்டும். ஓய்வு என்பது துணி துவைக்காமல், வாளி தூக்காமல், விருந்தாளியைக் கவனிக்காமல் இருப்பது. பிள்ளையைவிடக் கனமான எதையும் ஆறு வாரத்துக்குத் தூக்க வேண்டாம்.

கிள்ளான்_மல்லி

மிக்க நன்றி. சீனப் பக்கம் யாராவது தெரிந்தவர் இருக்கிறீர்களா? புய் யூட் அம்மா அனுப்பிய பட்டியலில் இஞ்சி 5 கிலோ, அரிசி வைன் 6 போத்தல், எள்ளெண்ணெய், செந்தேதி (சீனச் சிவப்பு இலந்தைப் பழம்), பன்றிக்கால், கறுப்பு இனிப்பு வினிகர், டாங் குய் (சீன மருந்து வேர்) என்று இருக்கிறது. பச்சைத் தண்ணீர் குடிக்கக் கூடாது, 28 நாள் தலைக்குக் குளிக்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறார். அம்மா பட்டியலைப் பார்த்ததிலிருந்து பேச்சே இல்லை. எங்கள் வீட்டில் பன்றி இறைச்சி தொடமாட்டார்கள்.

செந்தேதி

பட்டியல் வழக்கமானதுதான். அதை வகை பிரித்துப் பாருங்கள்.

இஞ்சியும் எள்ளெண்ணெயும் நம்முடையதே. முதிர் இஞ்சியை எள்ளெண்ணெயில் வதக்கிக் கோழியைப் போட்டு வேக வைப்பதுதான் அவர்களுடைய முதன்மைச் சாப்பாடு. அம்மாவிடம் ‘நல்லெண்ணெய் இஞ்சிக் கோழி’ என்று சொல்லிப் பாருங்கள், பேச்சு வந்துவிடும். ஆனால் அவர்களுடைய எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது. நம் செக்கெண்ணெயை ஊற்றினால் அந்த வாசம் வராது, நம் எண்ணெயின் அளவில் அதை ஊற்றினால் தூக்கலாகிவிடும்.

அரிசி வைன்தான் கவனிக்க வேண்டியது. கொதித்தால் மது போய்விடும் என்பது முழு உண்மை இல்லை. 15 நிமிடம் கொதித்த குழம்பில் ஏறக்குறைய 40 சதவீதம் நிற்கும், இரண்டரை மணி நேரம் கொதித்தால்தான் 5 சதவீதத்துக்கு இறங்கும். அரைப் போத்தல் ஊற்றி இறக்கும் முன் இன்னும் ஒரு கிண்ணம் ஊற்றுவது அவர்கள் பழக்கம். அது பாலில் இறங்கும். இரண்டு கரண்டி, ஆரம்பத்திலேயே, நீண்ட நேரக் கொதி என்று கேட்டுக்கொள்ளுங்கள். வைன் இல்லாமலே சமைக்கச் சொன்னாலும் செய்வார்கள், இப்போது அப்படிக் கேட்பவர்கள் நிறைய.

டாங் குய்யை நான் விடச் சொல்வேன், குறைந்தது இரத்தப்போக்கு நிற்கும்வரை. இரத்தம் இளக்கும் தன்மை உண்டு. சிசேரியனுக்குப் பிறகு பல பேருக்கு இரத்தம் உறையாமலிருக்க ஊசி எழுதிக் கொடுப்பார்கள். அதோடு இதுவும், சுக்குக்கடை சொன்ன காயமும், பூண்டுக் குழம்பும் ஒரே நாளில் சேர்வது நல்லதல்ல. மல்லி கேட்ட முதல் கேள்விக்கு என் பதில் இதுதான்: சாப்பாட்டைக் கலக்கலாம், மருந்தைக் கலக்காதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு வீட்டு மருந்து மட்டும். தங்கைக்குக் காயம் என்று முடிவானால் சீனச் சூப்பு வெறும் மீன், கோழி, இஞ்சி, செந்தேதியோடு நிற்கட்டும். ஜாமு வேண்டாம்.

பச்சைத் தண்ணீர் கூடாது என்பார்கள், பதிலுக்குச் செந்தேதி, லொங்கான் போட்ட இனிப்புத் தேநீர் ஒரு பிளாஸ்க் வைப்பார்கள். சர்க்கரை இருந்தவருக்கு அது சரிவராது. வெந்நீர் என்றால் அவர்களும் ஒப்புவார்கள், சீரகத் தண்ணீர் என்றால் நம் வீடும் ஒப்பும். சூப்பெல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 3 லிட்டர் உள்ளே போக வேண்டும். நம் பக்கமும் ‘தண்ணீர் குடித்தால் தையல் சீழ் பிடிக்கும்’ என்று ஒரு சொல் உண்டு. சீழுக்கும் தண்ணீருக்கும் தொடர்பில்லை. தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல் வரும், முக்கினால் தையல் வலிக்கும், சிறுநீர்க் கடுப்பும் கூடவே வரும்.

தலைக்குக் குளிப்பது பற்றி: வெந்நீர் இல்லாத, குளிர்ந்த வீட்டில் ஈரத்தலையோடு இருக்கக் கூடாது என்று வந்த கட்டு அது. இஞ்சித்தோல் போட்டுக் கொதித்த தண்ணீரில் குளித்து உடனே உலர்த்தியால் காய வைப்பதை இன்று பெரும்பாலான புய் யூட்களே அனுமதிக்கிறார்கள்.

பன்றிக்கால் வினிகர் காண்டனீஸ் வீடுகளில் விட்டுக்கொடுக்காத பண்டம், உறவினருக்கும் அனுப்புவார்கள். தனி மண்சட்டியில் செய்யச் சொல்லுங்கள் (அலுமினியத்தில் வினிகர் வைக்கக் கூடாது, சட்டியை அரிக்கும்). தங்கைக்கு அதே வினிகரில் இஞ்சியும் அவித்த முட்டையும் கோழிக்காலும் போட்டு ஒரு சிறு சட்டி. மாமியாருக்கு அது மரியாதைக் குறைவாகத் தெரியாது.

மீனில் மட்டும் அதிசயமாக மூன்று வீடும் ஒரே பக்கம். சீனர் ‘சாங் யூ’, மலாய்க்காரர் ‘ஹாருவான்’, நாம் விரால். அறுவை ஆனவருக்கு மூவரும் கொடுப்பது அதே மீன்தான். நல்ல புரதம், தாராளமாகக் கொடுங்கள். பால் சுறாப் புட்டு மட்டும் வேண்டாம்; சுறாவில் பாதரசம் அதிகம், சின்னதென்றாலும் இனம் அதுதான். நெத்திலி, மத்தி போட்டுப் புட்டு செய்யலாம். இன்னொன்று, பச்சைப் பப்பாளி மீன் சூப்பைப் பார்த்து அம்மா அலறக் கூடும். கர்ப்பத்தில்தான் பச்சைப் பப்பாளிப் பால் ஆகாது. பெற்ற பிறகு அந்தப் பயம் இல்லை. சீனர் அதைப் பால் சுரக்கக் கொடுக்கிறார்கள்.

வேர்க்கொம்பு

யாழ்ப்பாணப் பக்கத்துச் சரக்குக் கறியையும் சொல்லிவைக்கிறேன், எங்கட ஆக்களுக்கு மருந்தும் சாப்பாடும் ஒண்டுதான். மல்லி நாலு பங்கு, மிளகு ஒண்டு, சீரகம் ஒண்டு, வேர்க்கொம்பு (உங்கட சுக்கு) அரைப் பங்கு, மஞ்சள் கொஞ்சம். அரைச்சு, உள்ளி (உங்கட பூண்டு) நிறையத் தட்டிப்போட்டு, சின்ன மீனோ முருங்கைக்காயோ கத்தரிப்பிஞ்சோ சேர்த்துக் காய்ச்சுறது. செத்தல் மிளகாயும் கட்டித் தேங்காய்ப்பாலும் போடுறேல்லை. இனிப்பே இல்லாதபடியால் சலரோகம் (சர்க்கரை) இருந்த ஆளுக்கு லேகியத்தை விட இது பொருத்தம். புய் யூட் அம்மாவுக்கும் இதில ஆட்சேபம் வராது, அவவின்ர கணக்கிலயும் இது சூட்டுச் சாப்பாடு.

பிழைக்கிற இடம் ஒண்டு: பத்தியம் எண்டு கீரையையும் பழத்தையும் மாதக்கணக்கா நிப்பாட்டுறது. வெறும் சோறும் உள்ளியும் கருவாடும் திண்டால் மலச்சிக்கல் நிச்சயம். முருங்கையிலை, பப்பாப்பழம், வாழைப்பழம் கட்டாயம் குடுங்கோ. ‘சூடு’ எண்டு இரும்புக் குளிசையையும் நிப்பாட்ட விடாதேங்கோ.

மாடிவீட்டுத்_தாதி

எல்லாரும் அம்மாவைப் பற்றியே பேசிவிட்டீர்கள். பிள்ளை விஷயத்தில் நான் விட்டுக்கொடுத்துப் பேசப் போவதில்லை. தாய் வாய்க்குள் போவதில் பாதி தவறினாலும் தாங்குவாள். மூன்று கிலோ பிள்ளை தாங்காது.

சேனை வேண்டாம். தேனோ, சர்க்கரைத் தண்ணீரோ, கழுதைப்பாலோ எதுவும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய கிருமி வித்து ஒரு வயதுக்குட்பட்ட குடலில் முளைத்து நஞ்சு சுரக்கும். பிள்ளை பால் குடிக்காமல், அழமுடியாமல், துவண்டு போகும். அதனால்தான் ஒரு வயது வரை தேன் கூடாது. ‘பெரியவர் கையால் தொட்டு வைக்க வேண்டும்’ என்றால், கையைச் சோப்பால் கழுவி, தாயின் சீம்பாலில் ஒரு துளியை உதட்டில் வைக்கட்டும். சடங்கும் ஆயிற்று, பிள்ளைக்கு வேண்டியதும் அதுவே. சிசேரியன் என்றாலும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போடக் கேளுங்கள். மஞ்சளாக, கொழகொழவென்று இருக்கிறது என்று சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

உரை மருந்து: வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு என்று கல்லில் இழைத்து ஊற்றுவது. உரசும் கல், உரசும் விரல், ஈரத்தில் வைத்த கட்டை மூன்றும் கிருமிக்கு வீடு. அளவு ‘இரண்டு இழை’ என்பது கை அழுத்தத்தைப் பொறுத்தது. வசம்பிலும் ஜாதிக்காயிலும் மயக்கமும் வாந்தியும் வரவழைக்கும் பொருள் உண்டு. பிள்ளை சத்தமில்லாமல் தூங்குகிறது என்று மகிழ்வது பலமுறை அதனால்தான். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். வசம்பைக் கையில் வளையலாகக் கட்டுவதைக்கூட பிள்ளை வாயில் வைக்கத் தொடங்கும்போது கழற்றிவிடுங்கள்.

சீனப் பக்கமும் இதற்குச் சோடை இல்லை. பிள்ளையின் ‘சூடு’ தணிக்க ஹுவாங் லியன் வேரைக் கொடுக்கும் பழக்கம் உண்டு. பச்சிளம் பிள்ளைகளின் மஞ்சள் காமாலையோடு தொடர்புபடுத்திச் சிங்கப்பூர் 1978இல் அதைத் தடை செய்தது. பின்னாளில் தடையை எடுத்தார்கள், ஆனால் பச்சிளம் பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்று அதற்குப் பொருளில்லை. மலேசியாவில் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி (இரத்த அணுவைக் காக்கும் நொதி) சோதனை செய்கிறார்கள், முடிவைக் கேட்டு எழுதி வாங்குங்கள். குறைபாடு இருந்தால் அலமாரியில் பாச்சா உருண்டையோடு வைத்த பழைய தொட்டில் துணி, பாட்டி கொடுத்த பட்டுச்சட்டை எதையும் பிள்ளைமேல் போடக் கூடாது. அந்த நெடியே இரத்த அணுவை உடைக்கும்.

முதல் நாட்களில் சமூகத் தாதியர் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். ‘தீட்டு, உள்ளே வரக் கூடாது’ என்று வாசலில் நிறுத்தாதீர்கள். முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால், அல்லது உள்ளங்கை, உள்ளங்கால் வரை இறங்கினால் அன்றைக்கே மருத்துவமனை. காலை வெயிலில் காட்டுவது மருத்துவம் ஆகாது.

குளியலில்: தேங்காயெண்ணெய் தடவி மெதுவாக நீவலாம், அது நல்லது. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக் கூடாது. மூக்கில் விட்டது நுரையீரலுக்குப் போகும், எண்ணெய் நிமோனியா வரும். மூக்கை இழுத்து எடுப்பாக்குவது, தலையை உருட்டுவது, ஊதி எடுப்பது, தொக்கம் எடுப்பது வேண்டாம். பிறந்த பிள்ளையின் மார்பு தாயின் சுரப்பியால் சற்றுப் புடைத்திருக்கும், ஆண் பிள்ளைக்கும்தான். அதைப் பிதுக்கிப் பால் எடுத்தால் சீழ்க்கட்டி வரும். தானே வடியும், தொடாதீர்கள். கொப்பூழில் மஞ்சள், சாம்பல், விபூதி, எண்ணெய் எதுவும் வேண்டாம், காய்ந்தால் போதும்.

மாச்சிக் பிள்ளையைப் ‘பெடுங்’ சுற்றுவார். கைகளைச் சுற்றட்டும், கால்களை நீட்டி இறுக்கக் கூடாது. தவளைபோல் மடங்கி விரிய இடமிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பு மூட்டு கிண்ணத்தில் சரியாக அமையாது. சாம்பிராணியை மூடிய அறையில் கரித்தணலோடு போடாதீர்கள். தலைமுடி உலர உலர்த்தி இருக்கிறது, பிள்ளைக்கு அந்தப் புகை தேவையில்லை.

தங்கைக்கு ஒன்று. ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுதும் இரத்தத்தில் நனைந்தால், 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல் அடித்தால், போக்கு நாறினால், தையல் வாய்விட்டால், கடுமையான தலைவலியோடு பார்வை மங்கினால் எந்தப் பத்தியமும் பார்க்காமல் கிளம்புங்கள். கடைசியாகச் சொன்னது இரத்த அழுத்தம். பெற்ற பிறகு ஆறு வாரம் வரை வரலாம். தூங்காமல் தொடர்ந்து உளறுவது, பிள்ளையை வேறு யாரோ மாற்றிவிட்டார்கள் என்பது போன்ற பேச்சு வந்தாலும் அவசரம்தான். மலாயில் அதற்கு ‘மெரோயான்’ என்று பெயரே உண்டு, நம் பக்கம் காற்று, ஜன்னி, பேய் என்று நாள் கடத்துவார்கள்.

சுக்குக்கடை

உரை மருந்தில் எனக்கு முழு உடன்பாடு இல்லை, தலைமுறையாக நடந்தது. ஆனால் யார் இழைக்கிறார்கள், எந்தக் கல், எவ்வளவு என்று என்னாலும் எழுத்தில் உறுதி சொல்ல முடியாது. அதனால் இங்கே வற்புறுத்தவில்லை. அந்தச் சரக்கை அம்மா உடைத்துத் தங்கையின் காயத்திலும் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மாசிக்காயும் கடுக்காயும் அதில் வராது.

கிள்ளான்_மல்லி

எல்லாவற்றையும் தாளில் எழுதி இரண்டு வீட்டுக்கும் கொடுத்துவிட்டேன். கடைசியாக ஒன்று. சீன வீட்டில் 30ஆம் நாள் ‘மான் யூட்’, சிவப்பு முட்டை கொடுத்துப் பிள்ளைக்கு முடி மழிப்பார்களாம். நம் வீட்டில் முப்பது கும்பிட்டு முடியிறக்க வேண்டும். இரண்டு நாள் வைப்பதா?

செந்தேதி

ஒரே நாள் வையுங்கள், இரண்டு பக்கமும் செய்வது ஏறக்குறைய அதே. காலையில் உங்கள் வீட்டுப் படையலும் பெயர் சூட்டலும், மதியம் அவர்கள் விருந்து. புய் யூட் அம்மாவின் 28 நாள் முடிந்துவிடும் என்பதால் அன்றைக்கு ஆள் கை குறையும். இரண்டு நாள் கூடுதலாக இருக்கச் சொல்லி இப்போதே பேசுங்கள், கிளம்பும்போது அங்பாவ் (சிவப்பு உறையில் பணம்) கொடுப்பது முறை. முட்டைக்குச் சாயம் சமையல் சாயமாக இருக்கட்டும், அவித்த சூட்டோடு முக்கினால்தான் பிடிக்கும்.

வேர்க்கொம்பு

எங்கட பக்கம் 31இல்தான் துடக்குக் கழிவு. 30 எண்டு வைச்சாலும் ஒருத்தரும் ஒண்டும் சொல்லாயினம்.

மாடிவீட்டுத்_தாதி

மழிக்கும்போது புது பிளேடு, ஒருவருக்கு மட்டும். பிள்ளை பால் குடித்து அரை மணி நேரம் கழித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் தலையை நனைத்த பிறகு. உச்சிக்குழியின் மேல் அழுத்தாமல், முடி சாய்ந்திருக்கும் போக்கில் இழுக்கச் சொல்லுங்கள். தலையில் பாலேடு போல் செதில் இருந்தால் முந்தின இரவு எண்ணெய் தடவி ஊற வைத்து மெதுவாக எடுத்துவிடுங்கள், பிளேடு அதில்தான் சிக்கும். புண்ணோ கொப்பளமோ இருந்தால் ஒரு கொத்து முடியைக் கத்தரியால் வெட்டிவிட்டு மீதியை ஆறியபின் இறக்கலாம். மழித்த தலையில் சந்தனம் பூசுவதென்றால் கட்டையில் புதிதாக இழைத்தது, வாசனைத் தூள் வேண்டாம்.